வலிக்காத விரல்

என் வலது கை மவுஸைக் கிளிக் செய்து செய்தே கெட்டுப்போனது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் நடத்திவந்த சின்ன வீடியோ சேனலின் கீழே யாரோ அப்படி எழுதிவைக்க, அது பரவிவிட்டது. “ஜிட்டர் போட்டுக் கை சூம்பிப்போன அண்ணன்” என்றால்தான் பலருக்கு இப்போது என்னைத் தெரிகிறது. அதைக் காட்டியே சில வீடுகளில் பிள்ளைகளிடமிருந்து மவுஸைப் பிடுங்குகிறார்களாம். பிடுங்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் எனக்கு நடந்தது அது இல்லை. நடந்ததை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இடது கையால் தட்டுவதால் மெதுவாகத்தான் போகிறது. நோயாளிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டைகளால் ஆன ஓர் உலகத்தில் இரண்டு பேர் வாளோடு மோதும் ஆட்டம் அது. மவுஸை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெட்டு விழும். எதிராளியைவிட வேகமாக அழுத்துகிறவன் அவனைத் திருப்பி அடிக்கவிடாமல் பின்னால் தள்ளிக்கொண்டே போகலாம். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒருவனுடைய மதிப்பு, நொடிக்கு எத்தனை கிளிக் என்பதுதான். சாதாரணமாக அழுத்தினால் ஆறு, ஏழு வரும். அதற்கு மேலே போகச் சில வழிகள் உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒரே பொத்தான்மேல் வைத்து, மேசையில் தாளம் போடுவதுபோல மாற்றி மாற்றித் தட்டுவது ‘பட்டர்ஃபிளை’. விரலைப் பொத்தானில் உராய்த்து இழுத்து, அது அதிரும்போது ஒரே இழுப்பில் ஏகப்பட்ட கிளிக் விழச் செய்வது ‘டிராக்’. பல போட்டிகளில் அதற்குத் தடை. மூன்றாவது ‘ஜிட்டர்’. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தசையை இறுக்கினால் கை நடுங்கும் இல்லையா, அந்த நடுக்கத்தை ஆள்காட்டி விரல் நுனிக்கு இறக்கிப் பொத்தான்மேல் விட வேண்டும். பார்ப்பதற்கு வலிப்பு வந்த கை மாதிரி இருக்கும். நான் ஜிட்டர்காரன். பதின்மூன்று எனக்கு எப்போது வேண்டுமானாலும் வரும். நல்ல நாளில் பதினான்கு.

வீடு தி. நகரில். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ஜாக்கெட் துணி, லைனிங் துணி விற்கும் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். சாயங்காலமானால் உஸ்மான் சாலைக்குப் பின்னால் இருந்த கேமிங் சென்டருக்குப் போய்விடுவேன். அங்கே என்னோடு ஆடியவன் இம்ரான், ராயப்பேட்டைக்காரன். பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு எங்கள் அணி தேர்வாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் விரல்கள் தாமாகவே ஆட ஆரம்பித்தன. கையை நீட்டிப் பிடித்தால் போதும், இறுக்காமலேயே விரல்கள் ஒழுங்கில்லாமல் மெல்ல நடுங்கும். நான் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டேன்.

“இன்னா மச்சி, கை தானா ஆடுது! ஜிட்டர் உள்ளயே பூந்துகிச்சா?” என்று இம்ரான் என் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். அதை வைத்து ஒரு வீடியோகூடப் போட்டோம். இப்போது அதை நீக்கிவிட்டேன்.

பிறகு எண் இறங்கத் தொடங்கியது. பதினொன்று, ஒன்பது. ஏசி அதிகமாக இருந்த நாட்களில் விரல்கள் மரக்கட்டைபோல மடங்கி நின்றுவிடும், பொத்தானைவிட்டு எடுக்கவே முடியாது. வெளியே வெயிலில் வந்து நின்றால் சரியாகும். வலி மட்டும் இல்லை. துளிகூட இல்லை. வலித்திருந்தால் விட்டிருப்பேன். வலிக்காததால் பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஆடினேன்.

ஆழ்வார்பேட்டையில் ஓர் எலும்பு மருத்துவரிடம் அம்மாதான் அழைத்துப்போனாள். நான் கிளிக் செய்து காட்டினேன். அவர் பாதியிலேயே நிறுத்தி, “இதுக்கு மேல என்ன வேணும்? தசைநார் தேய்ஞ்சிருக்கு” என்றார். கைக்கு ஒரு பட்டை, மாத்திரை, மெழுகு ஒத்தடம், முழு ஓய்வு. அன்று இரவே அப்பா என் கணினியைத் துணி மூட்டைபோலக் கட்டி, கடை குடோனுக்குத் தூக்கிப்போய்விட்டார். எங்களுக்குள் பேச்சு நின்றது. நான் சொன்னபடி ஓய்வெடுத்தேன். கை தேறவில்லை.

ஆடித் தள்ளுபடி நாட்கள். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அப்பா பேசாமலேயே கத்தரிக்கோலை என்னிடம் நீட்டி, ஓர் அம்மாவுக்கு லைனிங் வெட்டிக் கொடுக்கும்படி சைகை காட்டினார். கத்தரிக்கோல் துணியில் இறங்கியது, மூடவில்லை. மறுபடி முயன்றேன். துணி மடிந்து வாய்க்குள் சிக்கிக்கொண்டது.

“ஏல, என்னல செய்யுத? துணிய நாசமாக்கிட்டு” என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு விடவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, வழக்கமாகச் சதை மேடாக இருக்குமே, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே குழி விழுந்திருந்தது. தன்னுடைய கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னுடைய இடது கையையும்.

“வலிக்காலே?”

“வலிக்கலப்பா.”

“வலிக்காம எப்படில கறி வத்தும்?” என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் கல்லாவை விட்டுவிட்டு வெளியே வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்து நாங்கள் பார்த்தது நரம்பியல் மருத்துவர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண்மணி. மயிலாப்பூரில் அவருடைய கிளினிக்கில் வெகுநேரம் காத்திருந்தோம். விரல்களை விரி, மடக்கு, என் கையைத் தள்ளு என்றார். சுத்தியலால் முட்டியில் தட்டினார். உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். கடைசியில் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

“வலி இருக்கா?”

“இல்ல மேடம்.”

“மரத்துப் போகுதா? எறும்பு ஊர்ற மாதிரி?”

“இல்ல.”

இரண்டுக்கும் இல்லை என்றேனே, நல்லது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டே, “அட்மிட் ஆயிடு. சில டெஸ்ட் சேர்த்து எடுத்துடலாம்” என்றார்.

முதலில் நரம்புப் பரிசோதனை. தோலின்மேல் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தியைக் கொண்டுபோகிறது என்று அளப்பார்கள். அது ஒன்றுமில்லை, சுண்டிவிடுவதுபோல இருக்கும். அடுத்தது ஊசி. மயிர்போல மெல்லிய ஊசியைத் தசைக்குள்ளேயே இறக்கி, அந்தத் தசையின் மின்சாரத்தை ஒரு ஸ்பீக்கரில் கேட்பார்கள். குழி விழுந்த அந்த இடத்தில் ஊசி இறங்கியது. “சும்மா வை. தளர்த்து” என்றார் பரிசோதித்த இளம் மருத்துவர். சும்மா இருக்கிற தசை மௌனமாக இருக்க வேண்டுமாம். என்னுடையது தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலப் பொரிந்துகொண்டிருந்தது.

“இப்போ இறுக்கு. முழு பலத்தோட.”

இறுக்கினேன். நல்ல தசை என்றால் ஒரு மண்டபமே எழுந்து கைதட்டுவதுபோல இரைச்சல் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் தசையில் ஒரே ஒருவன் மட்டும் தனியாக நின்று படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். கிளிக் எண்ணிப் பழகிய காது எனக்கு. அவன் பன்னிரண்டு, பதின்மூன்று என்று போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தார்.

சாயங்காலம், மயிலாப்பூரில் பார்த்த அந்தப் பெரிய மருத்துவரே வந்தார். மூளை ‘செய்’ என்று சொல்வதை முதுகுத்தண்டில் இருக்கும் ஒருவகைச் செல்கள் வாங்கித் தசைக்கு அனுப்புகின்றன. கழுத்துப் பகுதியில் அந்தச் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். ஏன் என்று இன்னும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

அப்பா எழுந்து நின்றார். “அப்போ அந்த மவுஸு காரணம் இல்லியா டாக்டர்?”

“இல்லீங்க.”

“கம்ப்யூட்டரக் குடோன்ல போட்டுப் பூட்டிட்டேன். வேணும்னா வித்துருதேன்.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க.”

அப்பாவின் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் புரிகிறது. மவுஸாக இருந்தால் தூக்கி எறிந்துவிடலாம்.

*

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மாணிக்கம். வடபழனியில் வீடு, படப்பிடிப்புகளில் விளக்குத் தூக்கி நிறுத்தும் லைட்மேன் வேலை. நல்ல உயரம், அகன்ற தோள். ஆனால் தோளுக்குக் கீழே கைகள் வேறு யாருடையதோ போலத் தொங்கின. மனைவி செல்வி அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, ஈரத்துணியால் மீசையைத் துடைத்துவிடுவார்.

“இன்னா தம்பி, கையா?” என்றார் முதல் நாளே.

“ஆமாண்ணா.”

“எனுக்கும் கைல தான் ஸ்டார்ட் ஆச்சு. ஸ்டாண்டு ஸ்க்ரூவ முடுக்க முடில. அப்பால சொக்கா பட்டன் போட முடில. இப்ப காலு இஸ்துகினு போவுது.” ஏதோ ஊருக்குப் போன கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். “வலிலாம் ஒண்ணும் கெடயாது. அதான் ஆச்சரியமா கீது.”

அவருடைய புஜத்தில் தோலுக்கு அடியில் தசை புழு நெளிவதுபோலத் துடித்துக்கொண்டேயிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மருத்துவர்கள் வந்து அவருடைய நாக்கையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாக்கு துடிக்கிறதா என்று பார்ப்பதற்காக அது என்று போனில் தேடித் தெரிந்துகொண்டேன். துடித்தால் என்ன அர்த்தம் என்பதையும் படித்தேன். தசையை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். கை, கால், பிறகு பேச்சு, பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. குணமாக்கும் மருந்து இல்லை. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும்.

அதன்பிறகு காலையில் பல் தேய்க்கப் போனால் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பதே என் வேலை. நாக்கை நீட்டிக்கொண்டு நின்றால் யாருடைய நாக்கும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அது தெரியாமல் எத்தனையோ காலைகள் குளியலறையில் நின்று அழுதிருக்கிறேன். வெளியே அம்மா, “எய்யா, இட்லி ஆறுது, வாய்யா” என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு மருத்துவமனை கேன்டீன் பிடிக்காது. தினமும் தி. நகரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். சாம்பார் ஊறிய இட்லியை ஸ்பூனால் எடுப்பது எனக்குச் சுலபம் என்று கண்டுபிடித்து, எதுவும் சொல்லாமல் அதையே கொண்டுவந்தாள்.

கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து உள்ளே இருப்பதைப் படம் பிடிப்பது. முடிவில் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தது. அம்மா அன்றைக்கே வடபழனி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து எனக்கு விபூதி பூசினாள். மாணிக்கத்தண்ணனுக்கும் பூசினாள்.

பெரிய மருத்துவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் போனேன். “நார்மல்னு சந்தோஷப்படாதீங்க” என்றார். “டிஸ்க், கட்டி ஏதாவது அழுத்திட்டிருந்தா எடுத்துடலாம். அழுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லாம செல் சாகுதுன்னா…” அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கடையில் வாடிக்கையாளர் பேசும்போது ஆட்டுவாரே, அதேபோல. “இன்னொரு ஸ்கேன் மிச்சம் இருக்கு. கழுத்தை நல்லாக் குனிய வெச்சு எடுக்கணும். மெஷினுக்கு வரிசை இருக்கு. காத்திருக்கணும்.”

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் பெங்களூர் போட்டி வந்தது. என் இடத்தில் வேறொரு பையனைச் சேர்த்துக்கொண்டு இம்ரான் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், வார்டு முழுக்கப் பார்வையாளர்கள். மாணிக்கத்தண்ணனின் கட்டிலில் போனைச் சாய்த்துவைத்து இருவரும் பார்த்தோம்.

“இதுல நீ யாரு?”

“நான் இல்லண்ணா. அந்தப் பச்சை சட்டை என் ஃப்ரெண்டு.”

“இன்னாத்துக்கு இப்டிக் குதிச்சிகினே கீறான்?” கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தார். “லைட்டிங்கே சரியில்லபா. சூரியன் அங்க கீது, நெழலு இங்க வுழுது.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அட்மிட் ஆன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. இம்ரான் இரண்டாம் சுற்றில் தோற்றான். அன்று மாலை அவன் போன் செய்து, “நீ இருந்திருந்தா ஜெய்ச்சிருப்போம் மச்சி” என்றான். இருந்திருந்தால் என்ற சொல்லை அவன் வேறு அர்த்தத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

இரண்டாவது ஸ்கேனுக்குத் தலைக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, தாடை நெஞ்சில் முட்டுகிறவரை கழுத்தை மடக்கினார்கள். அந்த நிலையிலேயே குழாய்க்குள் தள்ளினார்கள். எச்சில் விழுங்க முடியவில்லை. படம் தெளிவாக விழக் கையில் ஏற்றிய மருந்து குளிர்ச்சியாக ரத்தக் குழாயில் ஓடியது. இயந்திரம் மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல இடித்தது. போனில் படித்த அந்த நோயாக இருக்கக்கூடாது என்று நான் வேண்டவில்லை. வேறு எதுவாவது தெரிய வேண்டும், என்ன கோரமாக இருந்தாலும் சரி, ஏதாவது ஒன்று படத்தில் தெரிய வேண்டும் என்று வேண்டினேன்.

தெரிந்தது.

பெரிய மருத்துவர் அன்றைக்குத்தான் முதன்முறையாக என் கட்டிலில் உட்கார்ந்தார். “வளர்ற வயசுல உன் எலும்பு வேகமா வளர்ந்திருக்கு. தண்டுவடத்தைச் சுத்தி இருக்கிற உறை அதுக்கு ஈடு கொடுக்கல, நீளம் பத்தல. நீ குனியும்போதெல்லாம் அது இழுபட்டு முன்னால வந்து தண்டுவடத்தை அழுத்துது. நேரா படுத்தா ஒண்ணும் தெரியாது. அதான் முதல் படத்துல இல்ல.” ஒரு ஜப்பானிய மருத்துவரின் பெயரைச் சொன்னார், அவர்தான் முதலில் கண்டுபிடித்தாராம். அம்மா இன்றுவரை அதை ‘ஜப்பான் வியாதி’ என்றுதான் சொல்கிறாள். “போன சதை திரும்பி வராது. அதைத் தெளிவா சொல்லிடறேன். ஆனா இது உயிரை எடுக்காது. கழுத்துக்குக் காலர் போட்டுக் குனியாம பாத்துக்கிட்டா, சில வருஷத்துல அதுவே நின்னுடும்.”

“குனிஞ்சு உக்காந்து விளையாடினதாலயா மேடம்?”

“புஸ்தகம் படிக்கிறவனும் குனியறான், தைக்கிறவனும் குனியறான். எல்லாருக்குமா வருது? உன் கழுத்தோட அமைப்பு. ஜிட்டர் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது வேற மாதிரிக் கெடுக்கும், தசைநார் வீங்கும், வலிக்கும். வலிச்சிருந்தா நீ சீக்கிரம் வந்திருப்ப.”

“அந்த நடுக்கம்?”

“அது செத்துட்டிருந்த செல்லோட நடுக்கம்பா.”

அம்மா அவர் கால்களைத் தொடப்போனாள், அவர் தடுத்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் பக்கத்துக் கட்டில் நினைவு வந்தது. மாணிக்கத்தண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை செல்வியக்கா என்னை டீ வாங்கும் இடத்துக்கு வரச் சொன்னார். ஒரு கப்பை என் இடது கையில் கொடுத்தார்.

“தம்பி, அவுருக்கு இன்னா வியாதின்னு அவுருக்குச் சொல்லல. நாந்தான் வாணாம்னு டாக்டராண்ட கெஞ்சிக் கேட்டுகினேன். உனுக்கும் அவுருக்கும் ஒரே மாறி தான் கீதுன்னு நெனச்சிகினு கீறாரு. அந்தப் பையனுக்குச் சரியானா எனுக்கும் சரியாப்பூடும்னு டெய்லி சொல்லுவாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ வூட்டுக்குப் போறப்ப, ரெண்டு பேருக்கும் ஒண்ணு தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போப்பா. காலர் போட்டா நின்னுடும்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு.”

“சொல்றேன்க்கா” என்றேன். பிழைத்தவன் நான்.

டிஸ்சார்ஜ் அன்று எனக்குக் காலர் மாட்டினார்கள். தாடையிலிருந்து நெஞ்சுவரை கெட்டியான பிளாஸ்டிக். தலையைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடும் திரும்பி, மாணிக்கத்தண்ணனின் கட்டிலருகே போய் நின்றேன். செல்வியக்கா மாத்திரை வாங்கப் போகிறேன் என்று வெளியே நழுவினார்.

“அண்ணா, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானாம். டாக்டர் சொன்னாங்க. காலர் போட்டா நின்னுடுமாம்.”

அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனுக்கு ஏன் காலர் தர்ல?”

நான் யோசித்து வைத்திருந்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. “உங்க சைஸ் வரணும்போல இருக்குண்ணா. ஆர்டர் போட்டிருக்காங்களாம்” என்றேன்.

“தம்பி, முப்பது வருசமா மூஞ்சிங்க மேல லைட்டு அடிச்சிகினு கீறேன். எவன் நடிக்கிறான், எவனுக்கு நடிக்க வர்லன்னு டைரக்டருக்கு முன்னாடி எனுக்குத் தெரியும்.” குரல் ஏற்கெனவே லேசாகக் குழறத் தொடங்கியிருந்தது. “அன்னிக்கி டாக்டரம்மா உன்னாண்ட சொன்னதெல்லாம் கேட்டுகினு தான் இருந்தேன். யாரு சொல்லச் சொன்னது, செல்வியா?”

தலைகுனியப் பார்த்தேன், காலர் விடவில்லை. அவர் முகத்துக்கு நேராகவே நிற்க வேண்டியிருந்தது.

“அழுவாத. உன்து வேற, என்து வேற. நல்லது தான? ரெண்டும் ஒண்ணா இருந்தா இன்னாத்துக்கு ஆவும்?” மூச்சு வாங்கிக்கொண்டார். “வெளிய நின்னுகினு இருப்பா. நான் நம்பிட்டேன்னு அவளாண்ட சொல்லிடு.”

வராந்தாவில் செல்வியக்கா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். “நம்பிட்டாருக்கா” என்றேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என் அப்பா கட்டணம் கட்டிவிட்டு வந்து, என்னவென்று புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

காலர் வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிடும் தட்டு தெரியாது. அப்பா கடையிலிருந்து லைனிங் துணி வரும் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, தட்டை அதன்மேல் உயரமாக வைத்தார். படி இறங்கும்போது படி தெரியாது, காலால் துழாவ வேண்டும். தி. நகர் வெயிலில் காலருக்குள் வியர்த்து வேர்க்குரு கொட்டும். கணினி குடோனிலிருந்து திரும்பி வந்தது. அப்பாவே தூக்கி வந்து, திரையைக் கண்ணுக்கு நேராக வரும்படி உயர்த்திக் கட்டினார். “குனியாம ஆடுல” என்றார். ஆடிப் பார்த்தேன். வலது கையில் நான்குகூட வரவில்லை. ஆள்காட்டி விரல் இன்னமும் சரியாக விரியாது. குளிர் பட்டால் விரல்கள் மடங்கி நின்றுவிடும், மார்கழிக் காலையில் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறாள். நோய் நின்றுவிட்டது என்கிறார் பெரிய மருத்துவர். நின்ற இடம் இதுதான்.

மாணிக்கத்தண்ணனைப் பார்க்க வடபழனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். செல்வியக்கா பக்கத்தில் இருந்தால், “எனுக்குக் காலர் எப்ப வருதாம்?” என்று சத்தமாகக் கேட்பார். “அடுத்த மாசம்ணா” என்பேன். பேச்சு குழறி, குழறி, ஒருநாள் அதுவும் போனது. பிறகு அவர் கண்ணால் என் கழுத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். செல்வியக்கா எனக்கு விளக்குவார், “காலர் எப்பன்னு கேக்குறாரு.” நானும் அடுத்த மாசம் என்பேன். அவர் கண்ணை மூடித் திறப்பார். நான் பார்த்தவரையில் அவரைப் போல நடித்தவர் யாருமில்லை.

மழைக்காலத்தில் செல்வியக்காவிடமிருந்து போன் வந்தது. இம்ரான் வண்டியில் அழைத்துப்போனான். சந்து முழுக்க யூனியன்காரர்கள் நின்றிருந்தார்கள். வீட்டு வாசலில், தரையோடு தரையாக, குளிர்பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நின்ற இடத்திலிருந்து எனக்குப் பெட்டியின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. காலரோடு குனிய முடியாது. அந்த ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். பின்னால் யாரோ, “பையன் எவ்ளோ பாசமா கீறான் பாரு” என்றார்கள். பாசம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வேறு வழியும் இல்லை.

கண்ணாடியில் உள்பக்கம் பனி படர்ந்து முகம் மங்கலாகத் தெரிந்தது. வெளியிலிருந்து துடைத்தால் போகாது என்று தெரிந்தும் உள்ளங்கையால் துடைத்தேன். கண்ணாடியின் குளிரில் என் வலது கை விரல்கள் அப்படியே மடங்கி நின்றுவிட்டன. எடுத்துக்கொள்ள முயன்றேன், விரல்கள் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வியக்கா அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். இரண்டு வருடமாகக் கணவருக்குச் செய்து பழகிய கைகள். தேய்த்துச் சூடாக்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

“கடசி வரிக்கும் நம்பிகினு தான்பா போனாரு” என்றார்.

“ஆமாக்கா” என்றேன்.